பக்கத்துப் படுக்கைக்காக

பதினோரு மாடிக் கட்டடம் ஒன்றில் காலை பத்து மணிக்கு அது நடந்தது. ஒன்பதாவது மாடிக்கும் பத்தாவது மாடிக்கும் நடுவே லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் நின்று கம்பி வடங்களைத் துடைத்துக்கொண்டிருந்த மெக்கானிக்குக்குத் திடீரென்று தன் கால்கள் எங்கே இருக்கின்றன என்றே தெரியவில்லை.

குனிந்து பார்த்தார். பூட்ஸ் இருந்தது. உள்ளே கால் இருக்கிற உணர்வுதான் இல்லை. இரண்டு நாளாகவே உள்ளங்காலில் ஊசி குத்துவதுபோல் இருந்தது. புது பூட்ஸ் கடிக்கிறது என்று நினைத்து லேஸைத் தளர்த்திக் கட்டிக்கொண்டு வேலைக்கு வந்துவிட்டார். பத்து நாளைக்கு முன்னால் வயிற்றுப்போக்கு ஒன்று வந்து போயிருந்தது. அதையும் இதையும் முடிச்சுப் போட யாருக்குத் தோன்றும்?

"மாமா! பெட்டியை அசைக்காத. கால் நிக்க மாட்டேங்குது."

மேலே இயந்திர அறையில் இருந்த கூட்டாளி அதைக் கிண்டல் என்றுதான் எடுத்துக்கொண்டார். "காலையிலயே ஆரம்பிச்சிட்டியா மாப்ள?"

"விளையாடல மாமா. முட்டி மடங்குது."

அந்தக் குரல் கூட்டாளிக்குப் புதிதாக இருந்தது. பவரை நிறுத்திவிட்டுப் படியில் தடதடவென்று இறங்கி வந்து, பத்தாவது மாடிக் கதவை நெம்பித் திறந்து, மெக்கானிக்கின் இரண்டு அக்குளிலும் கைகொடுத்து இழுத்துத் தரையில் போட்டார். மெக்கானிக் எழுந்து நிற்கப் பார்த்தார். முடியவில்லை. மூட்டை மாதிரி அப்படியே உட்கார்ந்தார்.

கூட்டாளியைக் கம்பெனியில் எல்லோரும் தாடி என்றுதான் கூப்பிடுவார்கள். இருவரும் பதினாறு வருடமாக ஒரே ஜோடி. தாடி முஸ்லிம். மெக்கானிக் பிறந்தது இந்துக் குடும்பம். ஆனால் எந்தச் சாமியையும் கும்பிட்டதில்லை. மாமா, மாப்ள என்று விளையாட்டுக்குக் கூப்பிட ஆரம்பித்து அதுவே நிலைத்துவிட்டது. மெக்கானிக்கின் மனைவியைத் தாடி "தங்கச்சி" என்பார். அவள் அவரை "அண்ணா" என்பாள். மதியத் தொழுகை நேரம் வந்தால் தாடி கைகால் கழுவிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போவார். திரும்பி வந்ததும் மெக்கானிக் தயாராக இருப்பார்.

"என்ன மாமா, லிஃப்ட் இல்லாமலே மேல போய்ச் சேர்ந்துச்சா?"

"என்னோடது போயிடுச்சு. உன் அப்ளிகேஷன்தான் இன்னும் பெண்டிங்னு சொன்னாங்க."

இப்படியே பதினாறு வருடம். அன்று தாடி மெக்கானிக்கை முதுகில் சுமந்துகொண்டு பத்து மாடி இறங்கினார். லிஃப்டைத்தான் நிறுத்திவிட்டாரே.

மருத்துவமனையில் நரம்பு டாக்டர் ஒரு சிறிய ரப்பர் சுத்தியலால் முழங்காலில் தட்டினார். குள்ளமான அம்மா, பேச்சில் அவசரம் கிடையாது. ஒரு முறை தட்டினார், இன்னொரு முறை தட்டினார். கால் துள்ளவே இல்லை. முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்த்தார்கள். சாயங்காலம் டாக்டர் படுக்கை ஓரத்தில் வந்து உட்கார்ந்தார். மெக்கானிக்கின் மனைவி தபால் அலுவலகத்தில் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரிக்கிற வேலையில் இருந்தாள். கழுத்தில் அடையாள அட்டையைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்து நின்றுகொண்டிருந்தாள்.

"வயித்துப்போக்குக் கிருமியை விரட்ட வேண்டிய உடம்போட சக்தி, வழி தவறிப் போய் உங்க நரம்பையே தாக்குது. கால்ல ஆரம்பிச்சு மேல ஏறும்" என்றார் டாக்டர்.

"எதுவரைக்கும் டாக்டர்?"

"சிலருக்கு இடுப்போட நின்னுடும். சிலருக்கு நெஞ்சு வரைக்கும் போகும். மூச்சு விடுற தசையைத் தொட்டுட்டா மெஷின் வைக்கணும். மருந்து இன்னைக்கே ஏத்த ஆரம்பிச்சிடுறோம்."

"எந்த மாடியில நிக்கும்னு சொல்ல முடியாதா?"

தொழில் வாய் அது, தானாக வந்துவிட்டது. டாக்டர் சிரிக்கவில்லை. "சொல்ல முடியாதுங்க. ஆனா பெரும்பாலானவங்களுக்கு நரம்பு திரும்ப வந்துடும். நாளாகும்."

பிறகு டாக்டர் ஒரு வேலை கொடுத்தார். நன்றாக மூச்சை இழுத்துக்கொண்டு, ஒன்று, இரண்டு என்று ஒரே மூச்சில் எவ்வளவு தூரம் எண்ண முடியுமோ எண்ண வேண்டும். மெக்கானிக் முப்பத்தாறு வரை எண்ணினார். மனைவி விரல் விட்டுச் சரிபார்த்தாள்.

"முப்பத்தாறு நல்ல நம்பர்தான?" என்று கேட்டாள்.

"நாளைக்கும் அவ்வளவு வந்தா நல்ல நம்பர்" என்றார் டாக்டர்.

மறுநாள் காலையில் இருபத்தேழு. அன்று மாலையில் தண்ணீர் டம்ளரைப் பிடிக்க முடியாமல் மார்பில் கொட்டிக்கொண்டார். இடுப்புக்குக் கீழே யாருடைய உடம்போ கிடப்பதுபோல் இருந்தது. மனைவி பாதத்தைக் கிள்ளுவாள். "தெரியுதா?" "இல்ல." முட்டி. "இல்ல." தொடை. "எங்கயோ தூரத்துல." மூன்றாம் நாள் தொடையும் இல்லை. கண்ணை விழித்ததும் அது எங்கே வந்து நிற்கிறது என்று தேடுவதுதான் அவருக்கு முதல் வேலை. இருபது வருடம் லிஃப்ட் ஓடும் இருட்டுக் குழிக்குள் தொங்கியவர். பயம் என்றால் என்ன என்று அவரைக் கேட்டால் தோளைக் குலுக்குவார். இப்போது தோளும் குலுங்கவில்லை.

மூன்றாம் நாள் மாலை பதினொன்று. எண்ணி முடித்ததும் மனைவியின் முகத்தைப் பார்த்தார். அவள் முகத்தை வேறு பக்கம் திருப்பி, போர்வையைச் சரிசெய்தாள்.

"பதினொண்ணா, பன்னெண்டா?" என்று கேட்டார்.

"பன்னெண்டுன்னுதான் நினைக்கிறேன்" என்றாள். பொய் சொல்லத் தெரியாதவள் அவள். போர்வை ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

"கோயிலுக்குப் போய்ட்டு வந்தியா?" என்றார், அவள் நெற்றித் திருநீற்றைப் பார்த்து.

"ம். உங்களுக்குப் பிடிக்காதுன்னு தெரியும். நான் வேண்டிக்கிறதை மட்டும் வேண்டாம்னு சொல்லிடாதீங்க. எனக்கு வேற என்ன செய்யன்னு தெரியல."

வேண்டாம் என்று சொல்ல அவருக்குத் துணிச்சல் இல்லை.

நான்காம் நாள் காலையில் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றினார்கள். மூச்சுத் திணறிய பிறகு அவசரமாகக் குழாய் போடுவதைவிட முன்னாலேயே போட்டுவிடுவது நல்லது என்றார் டாக்டர். குழாய் போனால் பேச்சு போய்விடும். அதற்கு முன் ஒவ்வொருவராக ஐந்து நிமிடம் உள்ளே அனுப்பினார்கள். மனைவி வந்து போன பிறகு தாடி வந்தார். கையுறையும் முகக்கவசமும் மாட்டியிருந்தார்கள். கவசத்துக்குக் கீழே தாடி துருத்திக்கொண்டு தெரிந்தது.

"மாமா."

"சொல்லு மாப்ள."

இரண்டு வார்த்தைக்கு ஒரு மூச்சு வேண்டியிருந்தது. "உன் ஆளுகிட்ட... எனக்கும் ஒரு வார்த்தை... சொல்லி வை."

தாடி கட்டிலோரம் குனிந்தார். பிறகு சொன்னார்: "பதினாறு வருஷமா சொல்லிட்டுதான்டா இருக்கேன். தினமும் உன்னைக் குழிக்குள்ள இறக்கி விடுறவன் நான். சொல்லாம இருப்பேனா?"

"சொல்லவே இல்லையே."

"சொன்னா கிண்டல் பண்ணுவ."

மெக்கானிக்குக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க வேண்டும் என்று நினைத்தார். நெஞ்சு அசையவில்லை. சிரிப்பதற்கு வேண்டிய காற்று உள்ளே இல்லை. அந்த நான்கு நாளில் அவரை அந்த அளவுக்கு நடுங்க வைத்தது வேறெதுவும் இல்லை. தாடியின் கையைப் பிடிக்கப் பார்த்தார். விரல் அசையாததைத் தாடி பார்த்தார். தானே அந்தக் கையை எடுத்துப் பிடித்துக்கொண்டார்.

விழித்தபோது மேலே வெள்ளைக் கூரை. வாய்க்குள் குழாய். பக்கத்தில் ஒரு மெஷின் உஸ்ஸென்று காற்றைத் தள்ளியது. அவருடைய நெஞ்சு அவரைக் கேட்காமல் ஏறி இறங்கியது. கழுத்தைத் திருப்ப முடியவில்லை. விரல், நாக்கு, உதடு எதுவும் இல்லை. இமை மட்டும் மெதுவாக மூடித் திறந்தது. காது முழுசாகக் கேட்டது. இடுப்புக்கு மேலே வலியும் முழுசாகத் தெரிந்தது. முதுகுக்குக் கீழே படுக்கை விரிப்பில் ஒரு மடிப்பு இருந்தது. நாள் முழுக்க அது கத்திமாதிரி உறுத்தியது. அதை யாரிடமும் சொல்ல வழியில்லை.

மெக்கானிக் புத்தி வேறு அவரைத் தின்றது. இந்த மெஷினுக்கு ஒரு வயர் இருக்கும். அது சுவரில் ஒரு பிளக்கில் செருகியிருக்கும். தரை துடைக்கிறவரின் கால் அதில் இடறினால்? பேட்டரி எத்தனை நிமிடம் தாங்கும்? அதைக் கடைசியாக யார் சோதித்தது? தினமும் நூறு தடவை அந்தப் பிளக்கை மனதுக்குள் கழற்றி மாட்டினார்.

ஆறாம் நாள் மனைவி ஒரு அட்டை கொண்டுவந்தாள். கடிதம் பிரிக்கிறவள் அல்லவா, கட்டம் போட்டு எழுத்துகளை வரிசையாக எழுதியிருந்தாள். அவள் விரலை வைத்துக்கொண்டே போக வேண்டும். சரியான இடத்தில் அவர் ஒருமுறை கண்ணை மூட வேண்டும். இல்லை என்றால் இரண்டு முறை.

"இருநூத்து நாப்பத்தேழு எழுத்தும் எழுதினா பொழுது விடிஞ்சிடும்னு மெய்யும் உயிரும் மட்டும் எழுதியிருக்கேன். சேர்த்துப் படிச்சுக்கறேன். சொல்லுங்க, என்ன வேணும்? தண்ணியா? முதுகு வலிக்குதா?"

விரல் நகர்ந்தது. 'ப்' வந்ததும் கண்ணை மூடினார். அடுத்தது 'அ'. அடுத்தது 'ய்'. அவள் "பய்... பையா? பை வேணுமா?" என்று தடுமாறினாள். இரண்டு முறை மூடினார். மீண்டும் 'அ'. பிறகு 'ம்'.

பயம்.

அவள் அட்டையை மடியில் வைத்துவிட்டாள். அந்த வீட்டில் அதுவரை அவர் வாயிலிருந்து வராத வார்த்தை அது. "எனக்கும்தான்" என்றாள். பார்வை நேரமான அரை மணி முடிகிறவரை அவர் தலைமுடியைக் கோதிக்கொண்டே இருந்தாள்.

இடது பக்கம் ஒரு திரை. திரைக்கு அந்தப் பக்கம் இன்னொரு படுக்கை. அங்கே யார் என்று அவர் பார்த்ததில்லை; காதால்தான் தெரியும். மூளைக் காய்ச்சல் வந்த ஓர் இளைஞன். குழாய்ப் பழுது பார்க்கிற வேலை செய்தவனாம். அவனுடைய அம்மா தினமும் பார்வை நேரம் தொடங்கிய முதல் நிமிடத்தில் வந்துவிடுவாள். பள்ளிச் சீருடை தைக்கிற தையல்காரி. இருபத்தாறு வயது மகனைக் குட்டி என்றுதான் கூப்பிடுவாள்.

"குட்டி, கால் கட்டிலைத் தாண்டி வெளிய நீட்டிக்கிட்டு இருக்குடா. இவங்க உன் அளவுக்குக் கட்டில் வாங்கல."

அவன் பதில் பேசியதே இல்லை. அவனிடம் பேசி முடித்ததும் அவள் கர்த்தரிடம் பேச ஆரம்பிப்பாள். மெக்கானிக்குக்குத் தெரிந்த பிரார்த்தனை எல்லாம் மணியும் மந்திரமும் முணுமுணுப்பும்தான். இந்தம்மா பக்கத்து வீட்டுக்காரரிடம் சண்டைக்குப் போவதுபோல் பேசுவாள். "ஒன்பது நாளாச்சு. உமக்குக் காது கேக்குதா இல்லையா? நான் உம்மை எதுக்காவது தொந்தரவு பண்ணியிருக்கேனா? இவன் அப்பா போனப்பகூட வாயத் திறக்கல. இப்ப கேக்கறேன்ல?"

பன்னிரண்டாம் நாள் வாயிலிருந்த குழாயை எடுத்துவிட்டு மெக்கானிக்கின் கழுத்தில் துளை போட்டு அங்கே குழாயை மாட்டினார்கள். அதற்கு இரண்டு நாள் கழித்து, காலைப் பார்வை நேரம். மனைவி அன்று மருந்துக்கடை வரிசையில் நின்று தாமதமாகிவிட்டாள். எதிர்க் கோடியில் ஒருவருக்கு இதயம் நின்றுபோய் நர்ஸ்கள் எல்லோரும் அங்கே ஓடினார்கள்.

அப்போது கழுத்தில் ஏதோ இலேசாயிற்று. உஸ் என்ற சத்தம் வேறு இடத்திலிருந்து வந்தது. நெஞ்சு ஏறவில்லை.

குழாய் கழன்றுவிட்டது என்று அவருக்கு உடனே புரிந்தது. மெஷின் கத்த ஆரம்பித்தது. அந்த அறையில் நாள் முழுக்க ஏதாவது ஒன்று கத்திக்கொண்டுதான் இருக்கும். யாரும் வரவில்லை. அவர் கண்ணை மூடித் திறந்தார். மூடித் திறந்தார். யாருக்காக? கூரை ஓரங்களில் கறுத்துக்கொண்டு வந்தது. கத்த முடியவில்லை, கையைத் தூக்க முடியவில்லை, பக்கத்தில் இருக்கிற கட்டில் கம்பியில் ஒரு தட்டுத் தட்ட முடியவில்லை. அம்மா, அப்பா, மகள் பள்ளி வாசலில் நிற்பது, எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்தன.

திரை சரக்கென்று விலகியது.

"ஐயோ தம்பி! சிஸ்டர்! சிஸ்டர், இங்க கழண்டுடுச்சு!"

கறுப்புக்கு நடுவே ஒரு முகம். நரைத்த முடி, காதோரம் செருகிய ஒரு குண்டூசி. நர்ஸ்கள் சளி உறிஞ்சிவிட்டுத் திரும்ப மாட்டுவதை அவள் மகனிடம் தினமும் பார்த்திருக்கிறாள். துணியில் பட்டன் தைத்துப் பழகிய கை. குழாயை எடுத்துக் கழுத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். காற்று உள்ளே வந்தது. நர்ஸ் ஓடிவந்து சரிசெய்கிறவரை விடவில்லை. அதன் பிறகுதான் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். நர்ஸ் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார வைத்தாள்.

கொஞ்ச நேரம் கழித்துத் திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவள் குரல் கேட்டது. "பக்கத்துப் படுக்கைத் தம்பியையும் பாத்துக்கும். நான் இல்லாத நேரத்துல கழண்டா என்ன ஆகுறது? உமக்கே தெரியும், நான் நாள் முழுக்க இங்க இருக்க முடியாது."

தன் மகனுக்காகவே வேண்டிக்கொண்டு நிற்கிற ஒருத்தி அவருக்கும் சேர்த்து ஒரு பங்கு கேட்டாள். அவருக்கு அது தாங்கவில்லை.

மறுநாள் மதியம் இளைஞனுக்குக் காய்ச்சல் கூடிவிட்டது. டாக்டர்கள் சூழ்ந்துகொண்டார்கள். மூளை வீங்குகிறது என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. அம்மாவை வெளியே அனுப்பினார்கள். அவள் போகும்போது செருப்பு தரையில் உரசிய சத்தம் கதவுவரை போயிற்று.

மெக்கானிக் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். யாரைக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. தாடி கூப்பிடுகிறவரையா, மனைவி கும்பிடுகிறவரையா, அந்தம்மா சண்டை போடுகிறவரையா? எந்தப் பேரும் வாய்க்கு வரவில்லை; வாய் என்று ஒன்று இருந்தால்தானே. மனதுக்குள் சொன்னார்: யாரா இருந்தாலும் சரி. எனக்கு உன்கிட்டப் பேசிப் பழக்கமில்ல. எனக்காகக் கேக்கல. இந்தப் பையனைக் காப்பாத்து. அவங்கம்மாவுக்கு வேற யாரும் இல்ல.

திரும்பத் திரும்ப அதையே சொன்னார். நர்ஸ் வந்து மருந்து மாற்றிப் போனாள், வெயில் ஜன்னலில் இடம் மாறியது. நெடுநேரம் கழித்துதான் தோன்றியது, அன்று மதியம் முழுக்க அந்தப் பிளக்கை அவர் ஒருமுறைகூட நினைக்கவில்லை.

மாலையில் மனைவி அட்டையோடு வந்தாள். 'பையன்' என்று சொன்னார். "பக்கத்துப் பையனா? அப்படியேதான் இருக்காராம்." அடுத்த வார்த்தைக்குப் பத்து நிமிடம் ஆயிற்று. அவள் எழுத்துகளைக் கூட்டிப் படித்தாள். 'வேண்டிக்கோ.'

அவள் அவர் கண்ணையே பார்த்தாள். "நீங்களா சொல்றீங்க?"

ஒருமுறை மூடினார்.

வெளியே காத்திருப்பு அறையில் நடந்ததை எல்லாம் அவள்தான் தினமும் வந்து சொன்னாள். அவளும் தாடியும் தையல்காரம்மாவும் ஒரே பெஞ்சில்தான் உட்காருகிறார்களாம். தாடி தொழுவதற்குப் படிக்கட்டு ஓரத்தில் இடம் பார்த்தபோது விரிக்கத் துணி இல்லை. அந்தம்மா பையிலிருந்து தைக்காத வெள்ளைத் துணி ஒன்றை எடுத்து நீட்டினாளாம். "இது சட்டைக்கு வெட்டினது தம்பி. முதல்ல நீங்க தொழுங்க, அப்புறம் சட்டையாகட்டும்." தாடி தொழுது முடிக்கிறவரை யாரும் குறுக்கே போகாமல் மனைவி நின்று பார்த்துக்கொண்டாள். பிறகு மூவரும் சேர்ந்து அவரவர் முறையில் அந்தப் பையனுக்காக வேண்டிக்கொண்டார்கள். காவலாளி, "யாருக்கு யார் சொந்தம், ஒரு பேஷண்ட்டுக்கு ஒருத்தர்தான்" என்று அதட்டினாராம். "எல்லாம் ஒரே வீடுதான், விடுங்க ஐயா" என்றாளாம் தையல்காரம்மா. காவலாளி தாடியை ஒருமுறை, அவளை ஒருமுறை, மனைவியின் பொட்டை ஒருமுறை பார்த்துவிட்டு நகர்ந்து போய்விட்டார்.

பத்தொன்பதாம் நாள் காலையில் இளைஞன் போய்விட்டான்.

மெக்கானிக்குக்கு அதை யாரும் சொல்லவில்லை. பக்கத்து மெஷினின் சத்தம் நின்றது. இரண்டு வாரமாக அவருடைய காதில் ஓடிய சத்தம். பிறகு திரைக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் மெல்ல, "குட்டி... குட்டி..." என்று கூப்பிடுவது கேட்டது. அவள் யாரிடமும் சண்டை போடவில்லை.

காலடி இந்தப் பக்கம் வந்தது. மெக்கானிக் பயந்தார். குழாய் கழன்ற அன்று பயந்ததைவிட அதிகமாகப் பயந்தார். தன் மகன் போன இடத்தில் இவன் மட்டும் மெஷினோடு மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறான் என்று அவள் பார்க்கப் போகிறாள். கண்ணை மூடிக்கொள்ளலாம் என்று நினைத்தார். மூடவில்லை.

அவள் அவருடைய நெற்றியில் உள்ளங்கையை வைத்தாள். ஊசி குத்திக் காய்ப்பேறிய சொரசொரப்பான விரல்கள்.

"தம்பி, நீ எழுந்துடணும். என்ன? எழுந்துடணும்."

உதடு மட்டும் அசைந்தது, ஏதோ வேண்டிக்கொண்டாள். அவருடைய கண்ணிலிருந்து நீர் வழிந்து காதுக்குள் போயிற்று. அவள் கைக்குட்டையால் காதைத் துடைத்துவிட்டுப் போனாள்.

அன்று மாலை தாடி வந்தபோது அட்டையில் இரண்டே எழுத்துதான் சொன்னார். 'ஏன்.'

தாடி ஸ்டூலில் உட்கார்ந்தார். "தெரியாது மாப்ள. பெரியவங்க ஏதாவது சொல்வாங்க. எனக்கு அதெல்லாம் வாயில வராது. எனக்கும் கோவமாத்தான் இருக்கு. அந்தம்மா கொடுத்த துணியிலதான் இன்னைக்கும் தொழுதேன். பாதியில அழுதுட்டேன்." முகக்கவசத்தை மேலே இழுத்துவிட்டுக்கொண்டார். "ஆனா தொழாம இருந்தா இன்னும் பயமா இருக்கு. அவ்வளவுதான் எனக்குத் தெரிஞ்சது."

இரண்டு நாள் மெக்கானிக் எதையும் கேட்கவில்லை. கேட்டு என்ன ஆயிற்று என்று கசப்பாக இருந்தது. மூன்றாம் நாள் மதியம், காலியாக இருந்த பக்கத்துப் படுக்கைக்குப் புது விரிப்புப் போடுகிற சத்தம் கேட்டபோது, தன்னை அறியாமல் உள்ளே பேசிக்கொண்டிருப்பதைக் கண்டுகொண்டார். அந்தம்மா இன்னைக்கு ஏதாவது சாப்பிட்டாங்களா? யாராவது பக்கத்துல இருக்காங்களா? இருக்க வை.

இருபத்தேழாம் நாள் இடது கைக் கட்டைவிரல் அசைந்தது. முதலில் அவருக்கே நம்பிக்கை இல்லை. மனைவியும் நம்பவில்லை, "நர்ஸ்! இங்க வாங்க! நான் பாத்தது நிஜமா?" என்று கூச்சல் போட்டுத் திட்டு வாங்கினாள். முப்பத்தைந்தாம் நாள் மெஷினை எடுக்கத் தொடங்கினார்கள். முதல் நாள் ஒரு மணி நேரம், அடுத்த நாள் மூன்று மணி நேரம் என்று சொந்த மூச்சில் விட்டுப் பார்த்தார்கள். அந்த ஒரு மணி நேரமும் மூச்சை மறந்துவிடுவோமோ என்று பயந்து ஒவ்வொன்றாக இழுத்தார். மூன்று மாதம் கழித்து நடை வண்டியைப் பிடித்துக்கொண்டு வீட்டு வாசல்வரை நடந்தார். பதினெட்டுக் கிலோ குறைந்திருந்தது. குரல் கரகரத்தது. மகள் அவரைப் பார்த்து, "அப்பா, வேற யாரோ குரல்ல பேசுறீங்க" என்றாள்.

தையல்காரம்மா மகனுக்காக ஒரு சனிக்கிழமை காலையில் தன் தேவாலயத்தில் பிரார்த்தனை வைத்தாள். மூவரையும் கூப்பிட்டாள். ஒன்பது படி. தாடி ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம் பிடித்து ஏற்றினார்கள். உள்ளே வழவழப்பான தரை. வழுக்கிவிடுவோமோ என்று மெக்கானிக்குக்கு வியர்த்தது. கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். தாடி எங்கே கையை வைத்துக்கொள்வது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டார்.

பாட்டு முடிந்ததும், பையனைப் பற்றி யாராவது பேச விரும்புகிறீர்களா என்று பாதிரியார் கேட்டார். ஒருவரும் எழவில்லை. மெக்கானிக் கையைத் தூக்கினார். மனைவி திரும்பிப் பார்த்தாள்.

"நான் அவரைப் பாத்ததே இல்லைங்க" என்றார் உட்கார்ந்தபடியே. எல்லோரும் அந்தக் கரகரப்பைக் கேட்கக் காதைத் தீட்டிக்கொண்டார்கள். "கழுத்தைத் திருப்ப முடியாம கிடந்தேன். பக்கத்துல அவர் மூச்சு விடுற சத்தம் மட்டும் கேட்டிருக்கேன். நாப்பத்திமூணு வருஷத்துல நான் கும்பிட்டதில்ல. முதல்முதலா அவருக்காகத்தான் கேட்டேன். என்ன பேர் சொல்லிக் கேக்கணும்னு தெரியல. கேட்டது கிடைக்கல." மூச்சை ஒருமுறை இழுத்துக்கொண்டார். "இப்பவும் பேர் தெரியல. ஆனா தினமும் கேட்டுக்கிட்டுதான் இருக்கேன். உங்க எல்லாருக்காகவும். அதை இந்தம்மாகிட்ட சொல்லணும்னு வந்தேன்."

முன் வரிசையில் தையல்காரம்மா திரும்பாமல் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இருந்த பெண் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

எல்லாம் முடிந்து வெளியே வராந்தாவில் நின்றபோது அவள் வந்தாள். மெக்கானிக் ஒரு கையால் நடை வண்டியையும் மறு கையால், கயிற்றால் கட்டியும் நழுவிய பேன்ட்டையும் பிடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தாள்.

"என்ன தம்பி இது, பேன்ட்டைக் கயித்தால கட்டிக்கிட்டு கோயிலுக்கு வந்திருக்கீங்க?"

"பெல்ட்டுல ஓட்டை பத்தல, அக்கா" என்றாள் மனைவி.

அவள் பையிலிருந்து இஞ்ச் டேப்பை எடுத்து அங்கேயே அவருடைய இடுப்பை அளந்தாள். தாடி அவரைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டார். அளந்துகொண்டிருக்கும்போது மெக்கானிக் மெதுவாகக் கேட்டார்.

"அம்மா, எனக்கு இன்னும் பயம் போகல. காலையில கண்ணைத் திறக்கறதுக்கு முன்னாடி கால்விரல் அசையுதான்னு பாக்கறேன். உங்களுக்கு எப்படி இருக்கு?"

"எனக்கு வீட்டுக்குப் போகவே பயம் தம்பி. கதவைத் திறந்தா அவன் செருப்பு கிடக்கும்." அளவை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டாள். "அதனால கடையிலயே உக்காந்து தைக்கிறேன்."

பின்னாலிருந்து தாடி சொன்னார்: "இன்னைக்கு நாங்க கூட வர்றோம்மா. கதவை நான் திறக்கறேன்."

அவள் டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டாள். சரி என்று தலையை ஆட்டினாள். நான்கு பேரும் மெதுவாகப் படி இறங்கினார்கள். மெக்கானிக்கின் கால் நடுங்கியதால் நீண்ட நேரம் ஆயிற்று. யாரும் அவசரப்படுத்தவில்லை.